ஃபைனல் ஃபேன்டசி நல்ல கதை சொல்கிறதா? இக்னிஸின் கண்ணை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்பாய்லர் இல்லாமல் இதை எழுத முடியாது. நான்கு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதிமூன்று, பதினைந்து ஆகிய பாகங்களின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் கீழே வரும். விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வாருங்கள். 1987-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஜப்பானிய வீடியோ கேம் தொடர், எங்கும் போய்விடாது.

கேள்வி பழையது. ஃபைனல் ஃபேன்டசியின் கதைகள் நிஜமாகவே நல்லவையா, இல்லை சின்ன வயதில் விளையாடிய பாசத்தில் நமக்கு அப்படித் தோன்றுகிறதா? ரசிகர்களிடம் கேட்டால் ஏழாம் பாகத்தில் ஏரித் என்ற பெண் சாகும் காட்சியைச் சொல்லி இன்றைக்கும் கண் கலங்குவார்கள். பிடிக்காதவர்களிடம் கேட்டால், முள்முள்ளாக முடி வைத்த ஒரு பையன், அவனுக்கு நினைவு தப்பிவிடும், நடுவில் கொஞ்சம் கிரிஸ்டல், கடைசியில் ஒரு கடவுளை அடித்துக் கொன்றால் படம் முடிந்தது என்பார்கள். சங்கடம் என்னவென்றால் இரண்டு தரப்பும் சொல்வது சரிதான்.

என் கட்சி இது. கதைச்சுருக்கமாகத் தாளில் எழுதிப் பார்த்தால் இந்தத் தொடரின் பெரும்பாலான கதைகள் சுமார், சில அபத்தம். ஆனால் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கையைக் கதைக்குள் இழுத்துப் போடும் இடங்களில், "இதை நீதான் செய்தாய்" என்று நம்மிடம் சொல்லும் இடங்களில், வேறு எந்த வடிவத்தாலும் செய்ய முடியாத ஒன்றை இது செய்கிறது. அந்தக் கையை விட்டுவிட்டுக் கதை எங்கேயோ வெளியே போய் நடக்கும்போதுதான் எல்லாம் கெட்டுப்போகிறது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே காயத்தில் சேர்ந்து வருவது பதினைந்தாம் பாகத்து இக்னிஸிடம். அதனால் அவன்தான் இந்த ஆய்வின் மையம். அவனிடம் போவதற்கு முன் பழைய கணக்கு கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் குறைகளை ஒப்புக்கொண்டுவிடலாம். வில்லன் விஷயத்தில் இந்தத் தொடருக்கு ஒரு தீராத வியாதி உண்டு. முப்பது நாற்பது மணி நேரம் ஒருவனைத் துரத்துவோம், கடைசி ஒரு மணி நேரத்தில் "அவன் வெறும் பொம்மை, நிஜ எதிரி நான்" என்று பெயரே கேள்விப்படாத ஒருவர் வந்து நிற்பார். நான்காம் பாகத்தில் ஸீமஸ் அப்படி, ஒன்பதில் நெக்ரான் அதைவிட மோசம், திடீரென்று முளைத்து, சண்டை போட்டு, செத்துப்போகும். எட்டில் கூடைப்பந்து மைதானத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான், ரினோவாவைத் தவிர குழுவில் இருக்கும் எல்லாருமே ஒரே அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள் என்று தெரியவருகிறது. சண்டைக்குத் துணையாக நாம் பொருத்திக்கொண்ட கார்டியன் ஃபோர்ஸ்கள் நினைவைத் தின்றுவிட்டதாம், அதனால் ஒருவனைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லையாம். யோசித்துப் பார்த்தால் அருமையான யோசனை: பலம் வேண்டும் என்று நாம் ஆசையாகச் சேர்த்த ஒவ்வொன்றும் அவர்களுடைய பால்யத்தை அரித்திருக்கிறது. ஆனால் அந்த இழப்பை நாம் உணரும்படி முன்னால் ஒன்றும் செய்துவைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு ஆள் "ஆமாம், எனக்கும் ஞாபகம் வருகிறது" என்று சொல்லி முடித்துவிட்டார்கள், சிரிப்புதான் வருகிறது.

சரி, நல்லதைப் பார்ப்போம்.

1991-இல் வந்த நான்காம் பாகம். சூப்பர் ஃபேமிகாம் என்ற பழைய கேம் கருவியின் காலம், கட்டைவிரல் உயரத்தில் பொம்மைகள், முகத்தில் பாவமே காட்ட முடியாது. செசில் என்ற கருப்புக் கவசப் போர்வீரனிடம் ராஜா ஒரு பொட்டலத்தைக் கொடுத்து மிஸ்ட் என்ற கிராமத்தில் சேர்த்துவிடச் சொல்கிறான். வழியில் ஒரு குகை, அதில் "திரும்பிப் போ" என்று ஒரு குரல். ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் சாகச விளையாட்டு) விளையாடுகிறவன் திரும்பியா போவான்? போய் அங்கிருக்கும் மூடுபனி டிராகனைக் கொல்கிறோம், அனுபவப் புள்ளி வாங்குகிறோம், சந்தோஷமாக ஊருக்குள் நுழைகிறோம். பொட்டலம் தானாகத் திறந்து ஊரையே கொளுத்திவிடுகிறது. எரியும் வீடுகளுக்கு நடுவில் ஒரு சிறுமி, பக்கத்தில் செத்துக் கிடக்கும் அம்மா. டிராகனை வரவழைத்தவள் அந்த அம்மாதான், டிராகன் செத்ததால் அவளும் செத்தாள். அதாவது கொன்றது நாம். விளையாட்டின் ஆரம்பத்திலேயே, பயிற்சி மாதிரி வைக்கப்பட்ட ஒரு சாதாரண பாஸ் சண்டை (பெரிய எதிரியோடு மோதும் சண்டை) வழியாக.

அந்தச் சிறுமி ரிடியா பிறகு நம் குழுவிலேயே சேர்கிறாள். மந்திரக்காரி, ஆனால் அவளுடைய மந்திரப் பட்டியலில் தீ இருக்காது. பனி இருக்கும், தீ இருக்காது. எல்லா ஆர்பிஜியிலும் மந்திரக்காரிக்கு முதலில் வருவது தீதானே என்று தேடினால் கிடைக்காது. ஹாப்ஸ் மலையடிவாரத்தில் பனி வழியை மறிக்கும் வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே மற்றவர்கள் தைரியம் சொல்ல, ஊர் எரிந்த பயத்தை விழுங்கிக்கொண்டு அவள் தீ மந்திரத்தைச் சொல்கிறாள், அதன் பிறகே அது பட்டியலில் ஏறுகிறது. ஒரு குழந்தையின் மனக்காயத்தை ஒரு மெனுவில் இருக்கும் காலியிடத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதையின் பிற்பாதியில் நிலவுக்குப் போவது, செத்தவர்கள் வரிசையாக உயிரோடு திரும்பி வருவது என்று ஆயிரம் ஓட்டை இருந்தாலும் எனக்கு இந்தப் பாகத்தின் மேல் மரியாதை குறையவே இல்லை.

1997-இல் ஏழாம் பாகம். ஏரித் சாவதைப் பற்றி எழுதாதவர் இல்லை, நான் அதற்கு முந்தைய கட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். மிட்கர் நகரை விட்டு வெளியே வந்ததும் காம் என்ற ஊரில் எல்லாரும் ஒரு அறையில் உட்கார, ஐந்து வருடத்துக்கு முன் தன் சொந்த ஊரான நிபெல்ஹைமில் நடந்ததைக் கதாநாயகன் க்ளவுட் சொல்கிறான். அந்தப் பழைய கதையை நாம்தான் விளையாடுகிறோம். சண்டைக் குழுவில் இரண்டே பேர்: லெவல் 1 க்ளவுட், பிறகு வில்லனாகப் போகும் லெவல் 50 செஃபிராத். செஃபிராத்தை நம்மால் இயக்க முடியாது, அவன் மேல் எந்த அடியும் ஏறாது, ஒரே வீச்சில் எதிரி காலி. நாம் பக்கத்தில் நின்று சுண்டெலி மாதிரி கீறிக்கொண்டிருப்போம். இந்த ஆள் எவ்வளவு பெரியவன் என்று ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை.

அதே ஃப்ளாஷ்பேக்கில் ஊருக்குப் போகும் லாரியில் ஒரு சாதாரணச் சிப்பாய், ஹெல்மெட் போட்டவன், குலுக்கலில் வாந்தி வருகிற நிலையில் உட்கார்ந்திருப்பான். க்ளவுட் அவனிடம் பெரிய மனுஷத்தனமாக நலம் விசாரிப்பான். விளையாடும்போது யார் அதைக் கவனிக்கிறார்கள்? பல மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது, அந்த வாந்திக்காரச் சிப்பாய்தான் க்ளவுட். கதாநாயகனாக நாம் ஓட்டிக்கொண்டு திரிந்த வேடம் ஸாக் என்ற வேறொருவனுடையது. க்ளவுட் தனக்கே தெரியாமல் நண்பர்களிடம் பொய் சொன்னான் என்பதோடு நிற்கவில்லை, அந்தப் பொய்யை நம் கையாலேயே நடித்துக் காட்ட வைத்திருக்கிறார்கள். கதை முடிந்ததும் அறையில், அன்று அந்த ஊரில் இருந்த தோழி டீஃபா மட்டும் ஒரு மாதிரி அமைதியாக இருப்பதை இரண்டாவது தடவை விளையாடும்போது பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஏரித் காட்சிக்கும் இதே சூத்திரம்தான். அவள் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறாள், கட்டுப்பாடு நம்மிடம் வருகிறது, பட்டனை அழுத்தினால் க்ளவுட் வாளை உருவுகிறான், மறுபடி அழுத்தினால் அவள் தலைக்கு மேல் ஓங்குகிறான். நண்பர்கள் கத்தும்போதுதான் நிறுத்துகிறான். கொன்றது செஃபிராத், ஆனால் ஓங்கிய வாளுக்குப் பட்டன் அழுத்தியது நாம். அடுத்து வரும் பாஸ் சண்டையில் வழக்கமான பாஸ் இசை கிடையாது, நோபுவோ உயமாட்சு அவளுக்காக எழுதிய இசையே தொடர்ந்து ஓடும், அதைக் கேட்டுக்கொண்டே கட்டளை கொடுக்க வேண்டும். 2024-இல் வந்த, ஏழின் ரீமேக்கில் இரண்டாம் பகுதியான ரீபர்த் இதே காட்சியில் இணை உலகம், அவள் பிழைத்த மாதிரி ஒரு மின்னல், சாகாத மாதிரி ஒரு மயக்கம் என்று குழப்பி வைத்திருக்கிறது. படமாகப் பார்க்க ஆயிரம் மடங்கு அழகு, எனக்கு ஒரு சொட்டுக்கூட வலிக்கவில்லை.

பத்தாம் பாகத்தைப் பற்றி நீட்டி எழுத ஆசைதான், ஆனால் இரண்டே விஷயம். ஸின் என்ற பேரழிவை ஒழிக்க யூனா யாத்திரை போகிறாள், ஒவ்வொரு கோயிலிலும் புதிர் அவிழ்த்து ஒரு ஏயானை (சண்டையில் துணைக்கு அழைக்கும் மாய உயிரை) பெறுகிறாள். புதிரை அவிழ்ப்பது நாம். யாத்திரை முடிந்தால் அவள் சாவாள் என்பது கதாநாயகன் டைடஸைத் தவிர எல்லாருக்கும் தெரியும், "ஸின்னை முடித்துவிட்டு எங்கெல்லாம் சுற்றலாம்" என்று அவன் உளறும்போது மற்றவர்கள் சிரித்துச் சமாளிக்கிறார்கள். உண்மை தெரிந்த அன்றைக்கு, இத்தனை கோயிலையும் ஓடி ஓடி முடித்து அவளைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது நாம்தான் என்று உறைக்கும். இரண்டாவது, இறுதிக்கட்டத்தில் நாம் பேர் வைத்து வளர்த்த அதே ஏயான்களை ஒவ்வொன்றாக நாமே கொல்ல வேண்டும். அந்தச் சண்டைகளில் நம் ஆட்கள் விழுந்தாலும் தானாக எழுந்துவிடுவார்கள், தோற்கவே முடியாது. விளையாட்டாகப் பார்த்தால் சவாலே இல்லாத கடைசிச் சண்டை. கதையாகப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும், அது சண்டையே இல்லை, வழியனுப்பு. அந்தப் பிரபலமான கேவலமான சிரிப்புக் காட்சியைச் சொல்லிக் கிண்டலடிப்பவர்களுக்கு ஒரே பதில்: டைடஸும் யூனாவும் வேண்டுமென்றே பொய்யாகச் சிரிக்கிறார்கள், காட்சியே அதுதான்.

2009-இல் பதிமூன்று. இங்கேதான் கை நழுவ ஆரம்பித்தது. ஃபால்ஸீ, லஸீ, ஸீத் என்று முதல் மணி நேரத்திலேயே வார்த்தைகள் மழை மாதிரி கொட்டும், அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் மெனுவுக்குப் போய் டேட்டாலாக் என்ற விளக்கக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். கதாபாத்திரங்களுக்கு எல்லாம் தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. நேர்கோட்டில் ஒரு நடைபாதை, பதினொன்றாம் அத்தியாயத்தில்தான் பெரிய வெளி திறக்கிறது. "விதியிலிருந்து தப்ப முடியாதவர்களின் கதை, அதனால்தான் நடைபாதை" என்று சிலர் வக்காலத்து வாங்குவதுண்டு. பத்தும் ஒற்றைப் பாதைதான், ஆனால் அங்கே யாத்திரை என்பதால் அந்தப் பாதைக்கு ஒரு காரணமும் போய்ச்சேர ஓர் இடமும் இருந்தது. இங்கே ஓடுகிறோம், ஏன் என்று டேட்டாலாக் சொல்கிறது. நாட்டிலஸ் கேளிக்கைப் பூங்காவில், தன் மகனுக்கு நேர்ந்ததற்குக் கூடவே பயணிக்கும் வனில்தான் காரணம் என்று தெரிந்து ஸாஷ் துப்பாக்கியைத் தூக்கும் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், மனுஷன் முகம் அப்படி உடையும். ஆனால் அது நாம் பார்க்கும் காட்சி, அவ்வளவுதான்.

இனி இக்னிஸ்

2006-இல் ஃபைனல் ஃபேன்டசி வெர்சஸ் XIII என்ற பெயரில் அறிவித்தார்கள், டெட்சுயா நோமுரா இயக்கம். 2013-இல் பெயரைப் பதினைந்து என்று மாற்றினார்கள், பிறகு ஹஜிமே டபாட்டா பொறுப்பேற்றார், 2016 நவம்பரில்தான் கடைக்கு வந்தது. நடுவில் பத்து வருடம். இத்தனை இழுபறிக்குப் பிறகு ஒரே விளையாட்டுக்குள் கதையை அடக்காமல், கிங்ஸ்கிளேவ் என்று ஒரு முழுநீளப் படம், பிரதர்ஹுட் என்று ஐந்து பகுதி அனிமே, அப்புறம் டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் அத்தியாயங்கள்) என்று பிரித்துப் போட்டார்கள்.

ஆரம்பம் என்னவோ பிரமாதம். நான்கு நண்பர்கள், கார் நின்றுபோய்விட்டது, தள்ள வேண்டும். நாக்டிஸ் என்ற இளவரசன் கல்யாணத்துக்குக் கிளம்பிய கதை கார் தள்ளுவதில் தொடங்குகிறது, தள்ளுவதும் நாம்தான். இக்னிஸ் காரோட்டுவான், சமைப்பான், ஏதாவது புதிய பொருள் கையில் கிடைத்தால் புது ரெசிப்பி தோன்றிவிட்டது என்று கத்துவான். ப்ராம்ப்டோ போகிற வழியெல்லாம் போட்டோ எடுப்பான், ராத்திரி கேம்ப் போட்டதும் அன்றைய படங்களைக் காட்டுவான், எதை வைத்துக்கொள்வது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். கதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்காத இந்த மணி நேரங்கள்தான் உண்மையான கதை.

பெரிய நிகழ்வுகள் வரும்போதுதான் சிக்கல். தலைநகர் விழுகிறது, நாக்டிஸின் அப்பா கொல்லப்படுகிறார், இது நமக்குத் தெரியவருவது செய்தித்தாள் வழியாக. அந்த வீழ்ச்சியைப் பார்க்க வேண்டுமா, படத்தைப் பார். கல்யாணப் பெண் லூனாவுக்கும் நமக்கும் அறிமுகமே சரியாக ஆவதற்குள் அல்டிஸியாவில் அவளும் சாகிறாள். அதே ஊரில், அதே குழப்பத்தில், நாக்டிஸ் மயக்கம் தெளிந்து எழும்போது இக்னிஸுக்குக் கண் போயிருக்கிறது.

அடுத்த அத்தியாயம் இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்த இடங்களில் ஒன்று என்பேன். கார்டானிகா என்ற இடத்தில் ஒரு சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். இக்னிஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் மெல்ல வருகிறான். அதுவரை இருபது முப்பது மணி நேரம் ஓடியே பழகிய கை, தானாக ஓடுகிறது. ஓடினால் அவன் பின்தங்கிவிடுவான், நான்காவது நண்பன் க்ளேடியோலஸ் திட்டுவான். நின்று, திரும்பிப் பார்த்து, அவன் வந்து சேரும் வரை காத்திருந்து, மறுபடி நாலு அடி. எரிச்சலாக இருக்கும். நாக்டிஸும் க்ளேடியோலஸும் வாய் திறந்தாலே சண்டை. அந்த எரிச்சல் வந்த மறு நொடி அதற்காக ஒரு கூச்சமும் வரும் பாருங்கள், நண்பனுக்குக் கண் போய்விட்டது, உனக்கு அவசரமா என்று. நாக்டிஸ் மனதில் இருக்கும் அதே குற்ற உணர்வு, ஒரு வரி வசனம் இல்லாமல், நடையின் வேகத்தைக் குறைத்தே நம் கைக்கு வந்து சேர்கிறது. மெதுவாக நடக்க வைப்பதற்காக இந்த அத்தியாயத்தைத் திட்டியவர்கள் நிறைய. எதற்காகத் திட்டினார்களோ அதுதான் அதன் அழகு.

சரி, அவனுக்குக் கண் எப்படிப் போனது? 2016-இல் வாங்கிய விளையாட்டில் இதற்குப் பதில் இல்லை. 2017 டிசம்பரில் எபிசோட் இக்னிஸ் என்ற டிஎல்சி வந்தது, அதில்தான் இருக்கிறது: மயங்கிக் கிடக்கும் நாக்டிஸைக் காப்பாற்ற, அரச பரம்பரை மட்டுமே போடக்கூடிய மோதிரத்தை இக்னிஸ் போட்டுக்கொள்கிறான், அதற்கு விலையாகப் பார்வையைக் கொடுக்கிறான். கதையின் ஆகப் பெரிய தியாகம். அதற்குத் தனியாகக் காசு. கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சோறும் வைத்துவிட்டு, சாம்பார் அடுத்த தெருவில் ஒரு வருடம் கழித்து விற்பனைக்கு வரும் என்று சொன்னால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நாக்டிஸுக்கே தெரியாது, அவன் மயங்கிக் கிடந்தான், அதனால் நமக்கும் தெரியாமல் இருப்பதுதான் சரி என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏழாம் பாகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாரியில் இருந்த சிப்பாய் யார் என்று க்ளவுட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தெரியாமை கதையை ஓட்டுகிறது, டீஃபாவின் மௌனத்தில் தொடங்கி அவன் மனதுக்குள் இறங்கிப் பதில் தேடும் வரை அதே விளையாட்டில், அதே கையால் போய்ச் சேர்கிறோம். இங்கே யாரும் தேடவில்லை. உயிர் நண்பன் குருடாகி நிற்கிறான், எப்படி நடந்தது என்று கதை அழுத்திக் கேட்கவே இல்லை. ரகசியமாக வைத்திருந்தால் ரகசியம் என்ற கனமாவது இருந்திருக்கும், இது வெறும் பள்ளம், பின்னால் எதையோ வைத்து மூடுவதற்காக விட்டுவைத்த பள்ளம்.

மூடவும் செய்தார்கள், ஒழுங்காக அல்ல. பதிமூன்றாம் அத்தியாயத்தில் ஆயுதமில்லாமல் நாக்டிஸைத் தனியாக இருட்டுத் தாழ்வாரங்களில் அலையவிட்டது பிடிக்கவில்லை என்று எல்லாரும் கத்தியதும், 2017 மார்ச்சில் பேட்ச் (விளையாட்டுக்கான திருத்தம்) போட்டு க்ளேடியோலஸ், இக்னிஸ் பக்கமிருந்து அதே கட்டத்தை விளையாட ஒரு வழி சேர்த்தார்கள். 2018 நவம்பரில் டபாட்டா நிறுவனத்தை விட்டு விலகிய அறிவிப்பு வந்தது, திட்டமிட்டிருந்த நான்கு டிஎல்சியில் மூன்று ரத்து, மிச்சக் கதை 2019-இல் நாவலாக வந்தது. கதை படத்தில் தொடங்கி, விளையாட்டில் நடந்து, புத்தகத்தில் முடிகிறது.

இத்தனைக்கும் பிறகு அதன் முடிவு என்னை அடித்துப் போட்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசிச் சண்டைக்குப் போகும் முன், ப்ராம்ப்டோ எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார்கள். ராத்திரி ராத்திரியாக நாம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துச் சேர்த்து வைத்த படங்கள்: யாரோ கண்ணை மூடியது, பின்னால் ஏதோ மிருகம் துரத்துவது, இக்னிஸ் சட்டியைக் கிளறுவது. எந்தக் கதாசிரியரும் எழுதாத, என்னிடம் இருப்பது மாதிரி உங்களிடம் இருக்காத படங்கள். சாகப்போகிறவன் எதை எடுத்துப் போவான் என்று முடிவெடுக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. லூனாவின் சாவுக்கு அசையாதவன் ஒரு கேம்ப் போட்டோவுக்கு அழுதேன்.

விதிவிலக்கு என்று பதினான்கைச் சொல்வார்கள், பெரும்பாலும் படித்துப் படித்துக் கிளிக் செய்யும் ஆன்லைன் விளையாட்டு, ஆனால் கதை பிரமாதம் என்று. எனக்கு அது விதிவிலக்காகத் தெரியவில்லை. 2010-இல் வந்த முதல் வடிவம் படுதோல்வி, புதிய தயாரிப்பாளராக நவோகி யோஷிடா வந்து எடுத்த முடிவு உலகத்தையே அழித்துவிட்டு மறுபடி கட்டுவது. மாதக்கணக்கில் வானத்தில் ஒரு சிவப்பு நிலவு பெரிதாகிக்கொண்டே வந்தது, 2012 நவம்பரில் அது விழ, சர்வரை அணைத்தார்கள். 2013 ஆகஸ்டில் திரும்பி வந்த உலகத்தில், அந்தப் பேரழிவில் நின்ற வீரர்களின் முகம் யாருக்கும் நினைவில்லை, பழைய ஆட்டக்காரர்கள்தான் அந்த வீரர்கள். இதைவிட அதிகமாக ஆடுகிறவரைக் கதைக்குள் எப்படி இழுப்பது? 2019-இன் ஷேடோபிரிங்கர்ஸ் என்ற விரிவாக்கப் பகுதி அவ்வளவு கனமாக இருந்ததற்கு நட்சுகோ இஷிகாவாவின் எழுத்து ஒரு காரணம், அதுவரை அந்த ஆட்களோடு நாம் கழித்திருந்த வருடங்கள் இன்னொரு காரணம்.

2023-இல் வந்த பதினாறில், காட்சி ஓடும்போதே நிறுத்தி அதில் இருப்பவர் யார், ஊர் எது என்று பார்க்க ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். டேட்டாலாக் படிக்க மெனுவுக்கு ஓடிய காலத்தை நினைத்தால் பெரிய முன்னேற்றம். அடிமைகளைப் பற்றிய கதையில் அடிமைகளைவிட ராட்சதச் சண்டைகளுக்கே அதிக நேரம் போவது வேறு விஷயம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பத்து. அது கை கொடுத்தால் ஏழு, பழைய 1997 ஏழு, ரீமேக் அல்ல. பதினைந்தை எடுப்பதாக இருந்தால் எபிசோட் இக்னிஸும் சேர்ந்த ராயல் எடிஷனை வாங்குங்கள், கிங்ஸ்கிளேவ் படத்தை முதலில் பாருங்கள், அல்டிஸியா அத்தியாயம் முடிந்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டு எபிசோட் இக்னிஸை ஆடுங்கள், அப்புறம் சுரங்கத்துக்குள் இறங்குங்கள். அவன் பின்னால் மெல்ல வருவான், ஓடாதீர்கள்.